பதிமூன்று அடியில் ஒரு வளைவு

ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒருத்தி வளைந்து ஓடினால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கால் இடறியிருக்கும், கவனம் எங்கோ போயிருக்கும் என்று விட்டுவிடுவார்கள். அதே இடத்தில் அடுத்தவளும் வளைந்தால்? மூன்றாமவளும்?

ஏணி அதை முதன்முதலில் பார்த்தது, அவளுடைய கூடைப்பந்து அணி நான்காவது முறையாகத் தோற்றுக்கொண்டிருந்த அன்று. அணியில் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான்; நெட்டையாக இருந்ததால் இவள் ஏணி. ஐந்து தடவை விதி மீறிப் பவுல் ஆகிவிட்டதால் வெளியே வந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரணி நாற்பத்தொன்று, இவர்கள் பத்தொன்பது. ஸ்கோர் பலகையைப் பார்க்கப் பிடிக்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வானொலி பந்தோடு வலது பக்கமாக ஓடி வந்தாள். எதிரில் ஒரு ஈ காக்கை இல்லை. நேராக ஓடியிருந்தால் கூடைக்கே போயிருக்கலாம். அவளோ நட்டநடு வெட்டவெளியில் எதையோ சுற்றிக்கொண்டு போவது போல ஒரு வளைவு வளைந்தாள். அதற்குள் எதிரணிக்காரி வந்து மறித்துவிட்டாள்.

இரண்டு நிமிடம் கழித்து, அணியில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவள் வந்தாள். அதே இடம், அதே வளைவு.

"அங்க என்ன குழியா வெட்டி வெச்சிருக்கு?" என்று கோட்டுக்கு வெளியே நின்று பயிற்சியாளர் சார் தொண்டை கிழியக் கத்தினார். "நேரா போங்கம்மா! நேரா!"

அடுத்து அந்த அக்காவின் தங்கச்சி வந்தாள். அவளும் வளைந்தாள்.

ஏணி தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சார் பகலில் ஒரு பெரிய கோடவுனில் சூப்பர்வைசர். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் இரண்டு மணிக்கு வெளியே வருவார். மூன்றரைக்கெல்லாம் கழுத்தில் விசிலோடு கோர்ட்டில் நிற்பார். கோடவுன் தரையில் ஒட்டுகிற மஞ்சள் டேப்பையே கொண்டுவந்து கோர்ட்டில் ஏழு கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார். பந்து ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து நாலுக்கு, நாலிலிருந்து ஐந்துக்குப் போக வேண்டும். ஐந்தாம் கட்டம் கூடைக்குப் பக்கத்தில். அங்கே ஏணி நிற்பாள். வாங்குவாள், திரும்புவாள், போடுவாள். லாரியில் வந்த பெட்டி மேல் தட்டுக்குப் போய்ச் சேருகிற வழி மாதிரிதான். எட்டு வருடத்துக்கு முன்னால் கோடவுன் லோடுமேன்கள் ஐந்து பேரை வைத்து இதே முறையில் ஆடிக் கோப்பை வாங்கியவர் அவர். ஐந்து பேரும் ஆறடிக்குக் குறையாத ஆட்கள்.

அவர் அதை 'சிஸ்டம்' என்பார். பெண்கள் தங்களுக்குள் 'அலமாரி' என்பார்கள்.

சிஸ்டத்தின் முதல் விதி: யாரும் வழியை மறைக்கக் கூடாது. "ஓடுற பாதையில சும்மா நிக்கிறவ எனக்கு எதிரி" என்பார் சார். "நிக்கணும்னா கட்டத்துக்குள்ள நில்லு. இல்லன்னா ஓடு."

ஏணியைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அவளுடைய அம்மா துணிகளைப் பிரித்துத் தைத்து அளவு மாற்றிக் கொடுக்கிற கடை வைத்திருந்தாள். வீடு கடைக்குப் பின்னாலேயே, ஒரு திரைக்கு அந்தப் பக்கம். இடுப்பு தளர்த்தக் கொடுத்த பேண்ட்டை வாங்க சார் வந்திருந்தபோது, உயரக் கம்பியில் தொங்கிய அதை ஏணி கொக்கி போட்ட கழியைத் தேடாமல் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். சார் பேண்ட்டை வாங்கவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வயசும்மா?"

"பதினஞ்சு."

"நாளைக்கு மூணரைக்கு கோர்ட்டுக்கு வா."

அதுவரை அவள் உயரத்தை யாரும் ஒரு தகுதியாகச் சொன்னதில்லை. வகுப்பில் கடைசி பெஞ்ச், போட்டோவில் கடைசி வரிசை, பஸ்ஸில் பின்னாலிருப்பவர்களின் முணுமுணுப்பு. கழுத்தைக் குறுக்கி, தோளை மடக்கி, தன் உயரத்தில் இரண்டு அங்குலமாவது திருடிக்கொண்டு நடப்பதே அவளுக்குப் பழக்கம். கோர்ட்டில்தான் நிமிர்ந்து நிற்க வேண்டியிருந்தது. ஐந்து மாதத்தில் அவள் முதுகு அதற்குப் பழகிவிட்டது.

முதுகுக்குப் பழகியது கைக்குப் பழகவில்லை. ஐந்தாம் கட்டத்தில் பந்து வந்து சேர்ந்ததும் பின்னால் இரண்டு பேர் ஒட்டிக்கொள்வார்கள். அவளுக்கு விரல் மரத்துப்போகும். திரும்புவதற்குள் பந்து யார் கையிலோ இருக்கும்.

நான்காவது தோல்வி முடிந்த அன்று, பந்துகள் அடுக்கி வைக்கிற அறையில் சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமைதான் கடைசி மேட்ச். அன்னிக்கு சாயங்காலமே அடுத்த சீசன் பட்டியல் குடுத்துடணும்" என்றார். "அந்தக் குட்டப் பொண்ணு குண்டூசிய டீம விட்டு எடுத்துடலாம்னு இருக்கேன். சொன்னா கேக்க மாட்டேங்கிறா, கட்டத்துல நிக்க மாட்டேங்கிறா. நீ கவலப்படாத. உன்னச் சுத்தித்தான் டீம். சிஸ்டம் இருக்கிற வரைக்கும் நீ இருப்ப."

ஏணி தலையை ஆட்டினாள். வெளியே வந்த பிறகுதான் அந்தக் கடைசி வாக்கியத்தின் மறுபக்கம் உறைத்தது. சிஸ்டம் இல்லாவிட்டால்?

ஆனால் அன்று முழுக்க அந்தப் பயத்தைவிட ஒரு சின்ன விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் ஏன் வளைந்தார்கள்?

மறுநாள் பயிற்சிக்கு முன்னால் வானொலியிடம் கேட்டாள். வானொலி என்று பெயர் வந்ததே, தூங்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் பேசுவதால்.

"நான் வளைஞ்சேனா? எப்ப வளைஞ்சேன்? எங்க அத்தை கல்யாணத்துல கூட இவ்வளவு நேரா நடந்ததில்ல நான்" என்றாள் வானொலி. "கண்ணு டெஸ்ட் பண்ணுடி ஏணி. அவ்வளவு உயரத்துல இருந்து பாத்தா எல்லாம் வளைஞ்சுதான் தெரியும்."

அக்காவும் தங்கச்சியும் சத்தியம் செய்தார்கள், நேராகத்தான் ஓடினோம் என்று. இருவரும் உடன்பிறப்புகள். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

குண்டூசி மட்டும் திருப்பிக் கேட்டாள். அணியிலேயே குட்டையானவள், அணியிலேயே வேகமானவள். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, "எதுக்குக் கேக்குற?" என்றாள். "சார் கேக்கச் சொன்னாரா?"

"இல்ல. நானாத்தான்."

"உன்ன அஞ்சாம் நம்பர்ல நிக்கச் சொன்னா நில்லு. எங்களப் பாக்குற வேலையும் சேத்துக் குடுத்திருக்காரா?"

ஏணிக்குக் காது சூடாகிவிட்டது. குண்டூசிக்குத் தெரிந்திருக்குமோ? பந்து அறைக்கு வெளியே நின்று கேட்டிருப்பாளோ? ஆனாலும் பயிற்சியின்போது ஏணியின் கண் தரையை விட்டு அகலவில்லை. வளைவு விழுகிற இடத்தில் மனதுக்குள் ஒரு புள்ளி வைத்தாள். இடது பக்கமும் அப்படி ஒரு புள்ளி இருந்தது. ஆள் மாறினாலும் வேகம் மாறினாலும் புள்ளிகள் மாறவில்லை. எல்லோரும் போன பிறகு அங்கே போய் நின்று, தன் ஷூவால் கூடை வரைக்கும் அடி மேல் அடி வைத்து அளந்தாள். பதினாலு ஷூ, கொஞ்சம் மேலே.

அந்த நாலு பேரும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்தார்கள். பயிற்சி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்துகிற இடத்தில் மறுபடி ஆடுவார்கள் என்று ஏணிக்குத் தெரியும். ஐந்து மாதத்தில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அவளும் போனதில்லை.

அடுத்த நாள் அவள் அம்மாவிடம் இஞ்ச் டேப்பைக் கேட்டாள்.

"எத அளக்கப் போற?" அம்மா வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டே கேட்டாள்.

"தரைய."

அம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குஷனில் குத்தினாள். "தரைக்கு என்ன, பேண்ட்டா தைக்கப் போற? கடைக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். தொலைச்சன்னா உன் உயரத்த வெச்சுத்தான் இனிமே எல்லாருக்கும் அளவெடுப்பேன்."

கார் நிறுத்தும் இடத்துக்குள் இறங்கியபோதே பந்து தட்டுகிற சத்தம் கேட்டது. தாழ்வான கூரை, வரிசையாகக் குழாய்கள், ஒரே ஒரு குழல்விளக்கு. தண்ணீர் மோட்டார் அறையின் கதவுக்கு மேலே ஒரு வளையத்தை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு சிமெண்ட் தூண்கள், வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று.

அங்கே ஆடிக்கொண்டிருந்தவர்கள் கோர்ட்டில் அவள் பார்த்த பெண்களே இல்லை. குண்டூசி பந்தைத் தட்டிக்கொண்டு, துரத்தி வந்த அக்காவைப் பின்னால் இழுத்துக்கொண்டே ஓடினாள். நேராகத் தூணை நோக்கி ஓடினாள், மோதிவிடுவாள் போல. கடைசி நொடியில் தோள் தூணை உரச அந்தப் பக்கம் நழுவினாள். அவளை ஒட்டியே வந்த அக்கா, "அய்யோ" என்று தூணில் கையை ஊன்றி நின்றாள். அந்த ஒரு மூச்சு நேரம் போதும். குண்டூசிக்கு முன்னால் யாருமே இல்லை. ஓடிக்கொண்டே பந்தை வீசினாள், வளையத்துக்குள் விழுந்தது. அடுத்து வானொலி, இன்னொரு தூணில் அதே வித்தை. வாய் வேறு நிற்கவில்லை: "வருது, வருது, போச்சு, டாட்டா!"

ஏணி பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தாள்.

"பாருடி, உளவுத்துறை வந்திருக்கு" என்றாள் தங்கச்சி.

ஏணி மண்டியிட்டு, வளையத்துக்கு நேர் கீழேயிருந்து தூண்வரை, டேப்பை மாற்றி மாற்றி வைத்து அளந்தாள். அது ஐந்தடி டேப். நடுநடுவே கணக்குத் தப்பியது. பதிமூன்று அடி. பிறகு தன் ஷூவைக் கழற்றி அளந்தாள். பதினொரு அங்குலம். பதினாலு ஷூ, கொஞ்சம் மேலே.

"நீங்க தூணச் சுத்துறீங்க" என்றாள், தரையில் உட்கார்ந்தபடியே. "கோர்ட்லயும் இந்தத் தூணத்தான் சுத்துறீங்க. அங்க தூண் இல்ல. ஆனா உங்க காலுக்கு அது தெரியல."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு, வெறும் காற்றில் நாலு எட்டு நடந்து பார்த்தாள். நாலாவது எட்டில் அவள் இடுப்பு தானாகத் திரும்பியது.

"அடச்சீ" என்றாள் அக்கா, கண்ணைத் திறந்து. "ஆமாண்டி."

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு ஏணியையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதுதான் பரிதாபம். குழாயில் தலையை இடித்துக்கொண்டாள். பந்து காலில் பட்டு ஓடியது. யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று ஒரு பக்கமாக ஒதுங்கி, கைகளை மார்போடு மடக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். குண்டூசி தங்கச்சியை இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்தவள், தூண் தூரமாக இருந்ததால் ஏணியின் தோளை உரசிக்கொண்டு போனாள். பின்னால் வந்த தங்கச்சி ஏணியின் மேல் 'டொம்' என்று மோதி உட்கார்ந்தாள்.

பந்து வளையத்துக்குள் விழுகிற சத்தம் கேட்டது.

குண்டூசி திரும்பி வந்து ஏணியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். கோடவுனில் புதிதாக இறங்கிய சரக்கைப் பார்ப்பது போல.

"நகராம நிக்கத் தெரியுமா உனக்கு?"

"அது மட்டுந்தான் தெரியும்" என்றாள் ஏணி.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் மறுபடி பயம் வந்தது. கண்டுபிடித்தது சரிதான். அதைச் சாரிடம் சொன்னால் என்ன ஆகும்? ஐந்தாம் கட்டம் போய்விடும். கூடை போடுகிறவர்கள் குண்டூசியும் வானொலியுமாக இருப்பார்கள். தூண் இருக்க வேண்டிய இடத்தில் ஏணி வெறுமனே நிற்பாள். பாதையில் சும்மா நிற்கிறவள் சாருக்கு எதிரி. சொல்லாவிட்டால் குண்டூசி போவாள், ஏணி இருப்பாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். உலகத்திலேயே சுலபமான வேலை.

ஆனால் ஒரு விஷயம் தெரிந்த பிறகு அது தெரியாதது போல அந்தக் கட்டத்தில் எப்படி நிற்பது? அவளால் அதை யோசித்துப் பார்க்கவே முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கோடவுனுக்குப் போனாள். மாதக் கடைசி என்று சார் அன்று கூடுதல் நேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கூரை உயரத்துக்கு இரும்புத் தட்டுகள், நடுவே மஞ்சள் கோடு போட்ட பாதைகள். பாதையின் முகப்பில் சாரின் கையெழுத்தில் ஒரு பலகை: வழியை மறைக்காதீர். பாரம் தூக்கும் வண்டிகள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஏணி தன்னையறியாமல் கழுத்தைக் குறுக்கிக்கொண்டாள்.

சார் அட்டையில் எதையோ குறித்துக்கொண்டே கேட்டார். தூண், பதிமூன்று அடி, வளைவு எல்லாவற்றையும் கேட்டார். முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

"ஆக, எட்டு வருஷம் நான் கத்துக்குடுத்தது தப்பு. கார் நிறுத்துற இடத்துல நீங்க கத்துக்கிட்டது சரி."

"தப்புன்னு சொல்லல சார். லோடுமேன் அண்ணனுங்களுக்கு அது சரி. எங்களுக்கு..."

"உங்களுக்கு என்ன? கோர்ட்ல தூண் நடச் சொல்றியா? கமிட்டில போய் சிமெண்ட் கேக்கவா?"

"நான் நிக்கிறேன் சார்."

"எங்க?"

"அந்த எடத்துல. தூண் மாதிரி."

"வழிய மறைச்சுக்கிட்டு." சார் பலகையைக் காட்டினார். "எழுதியிருக்கிறது தெரியுதா?"

அப்போதுதான் பின்பக்கம் யாரோ ஹாரனை விடாமல் அழுத்தினார்கள். பாதையின் நடுவில் யாரோ பெட்டிகள் அடுக்கிய ஒரு சரக்குப் பலகையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். முன்னால் வந்த வண்டிக்காரர் வேகம் குறையாமல், தட்டில் உரசாமல் அதை ஒரு வளைவு வளைத்துக் கடந்துபோய்விட்டார். அவரை ஒட்டியே வந்த இரண்டாவது வண்டிதான் சடக்கென்று நின்று, ஹாரனை அடித்துக்கொண்டிருந்தது.

"யாருய்யா அது நடுப்பாதையில!" என்று சார் பாய்ந்தார்.

"சார்" என்றாள் ஏணி. "முன்னாடி போனவரு போயிட்டாரு. பின்னாடி தொரத்தினவருதான் மாட்டிக்கிட்டாரு."

சார் திரும்பிப் பார்த்தார். சரக்குப் பலகையைப் பார்த்தார். அந்தக் கோடியில் ஏற்கெனவே சரக்கை இறக்கிக்கொண்டிருந்த முதல் வண்டியைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் மெமோ குடுக்கிறேன் நான்" என்று முணுமுணுத்தார். பிறகு, "நீ சொல்றபடி ஆடினா உன் பேர்ல ஒரு பாயிண்ட் வராது, தெரியுமா? நாளைக்கு யாராவது வந்து அந்த நெட்டப் பொண்ணு என்ன பண்ணுதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? சும்மா நிக்குதுன்னா?"

அவள் பயந்துகொண்டிருந்த கேள்வியை அவரே கேட்டுவிட்டார். "தெரியும் சார்" என்றாள்.

"நாளைக்கு சிஸ்டம்தான்" என்றார் சார். "போ. போய்த் தூங்கு."

சனிக்கிழமை அரங்கில் மஞ்சள் டேப் கிடையாது. ஆனால் ஐந்து மாதப் பழக்கத்தில் கட்டங்கள் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். முதல் பாதி முழுக்க அலமாரி ஆட்டம்தான். ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து. ஐந்தில் ஏணி, பின்னால் இரண்டு பேர், மரத்த விரல்கள். இடைவேளையில் எட்டுக்கு இருபத்தாறு.

இரண்டாம் பாதி தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பந்து குண்டூசியிடம் இருந்தது. அவள் ஏணியைப் பார்த்தாள். பட்டியலில் தன் பெயர் இருக்காது என்று குண்டூசிக்குத் தெரியுமா, தெரியாதா? ஏணிக்கு இன்றுவரை தெரியாது. கால்கள் தாமாக ஐந்தாம் கட்டத்தை விட்டு வெளியே வந்தன. கூடையிலிருந்து பதிமூன்று அடி, வலது பக்கம். கைகளை மார்போடு மடக்கிக்கொண்டாள்.

"ஏணி!" என்று வெளியிலிருந்து சார் கத்தினார். "வழிய விடு! கட்டத்துக்குப் போ!"

குண்டூசி வந்துகொண்டிருந்தாள். அவளைத் துரத்தி வந்தவள் ஏணியைவிடக் கனமானவள். கடைசி நொடியில் ஏணி பயந்துபோய் அரை எட்டு நகர்ந்தாள். இடி மாதிரி ஒரு மோதல். விசில்.

"பவுல். நகர்ந்துட்டம்மா நீ" என்றார் ரெஃபரி.

சார் உடனே அவளை வெளியே இழுத்தார். ஏணி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் என்று நினைத்தாள். சொன்னதை மீறியாயிற்று, மீறியதிலும் சொதப்பியாயிற்று. இனி இவள் சிஸ்டத்திலும் இல்லை, வெளியிலும் இல்லை.

சார் அவள் பக்கம் திரும்பவில்லை. கோர்ட்டைப் பார்த்தபடியே நின்றார். வானொலி பந்தோடு வலப்பக்கம் வந்து, ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு வளைவு வளைந்தாள். பந்து பறிபோயிற்று. அடுத்து தங்கச்சி, இடப்பக்கம், அதே வளைவு. சாரின் தலையும் அந்த வளைவோடு சேர்ந்து மெல்லத் திரும்பியது. இந்தத் தடவை அவர் கத்தவில்லை.

"எத்தன அடின்ன?"

"பதிமூணு சார்."

"விசில் ஏன் அடிச்சான்?"

"நான் நகர்ந்துட்டேன் சார். பயந்துட்டேன்."

"நகரலன்னா?"

"அடிச்சிருக்க மாட்டாங்க."

சார், பல் பிடுங்கக் கொடுக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "போ" என்றார். "போயி நில்லு. செத்தாலும் நகராத."

போனாள். நின்றாள். முதல் மோதலில் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவதில் ஒரு கண்ணை மட்டும் மூடினாள். குண்டூசி அவள் இடது தோளை உரசிக்கொண்டு போகும்போது ஒரு சின்னக் காற்று வரும். அடுத்த கணம் துரத்தி வந்தவள் வந்து இடிப்பாள். அதற்கடுத்த கணம் வலை அசைகிற சத்தம். இந்த மூன்றும் எப்போதும் அதே வரிசையில் வந்தன. நாலாவது தடவை அவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். வானொலி இரண்டு தடவை போனாள், வாயை மூடாமல்: "தூணே, தூணே, நான் போயிட்டு வந்துர்றேன்!" எதிரணிக்காரி ஒருத்தி மூக்கைத் தேய்த்துக்கொண்டே, "யாருடி இது, செவுரு மாதிரி" என்றாள். ஏணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் தானாக விரிந்தது.

மேட்ச் தோற்றார்கள். முப்பத்தாறுக்கு முப்பத்தொன்பது. கடைசியில் தங்கச்சி வீசிய பந்து வளையத்தை ஒரு சுற்று சுற்றி வெளியே விழுந்தது. அதற்காக அக்கா அவளை இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.

அரங்கு காலியானது. சார் படிக்கட்டில் உட்கார்ந்து, பட்டியல் படிவத்தை முழங்காலில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். ஏணி இரண்டு தடவை அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். மூன்றாவது தடவை நின்றுவிட்டாள். எழுதியிருந்த பெயர்களைத் தலைகீழாகப் படிக்க முயன்றாள். முதல் பெயர் குண்டூசியுடையது.

"சார், நான் இருக்கேனா?"

சார் நிமிரவில்லை. "இன்னிக்கு எத்தன பாயிண்ட் போட்ட?"

"ரெண்டாவது பாதில ஒண்ணுமில்ல சார்."

"எத்தன பேரு உன்மேல வந்து இடிச்சாங்க?"

"பதினோரு தடவ."

"எண்ணிக்கிட்டா இருந்த?"

"எண்ணல சார். ஒவ்வொண்ணும் தனித்தனியா வலிக்குது."

சார் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. முன்பல் ஒன்று பாதி உடைந்திருப்பதே அப்போதுதான் தெரிந்தது. படிவத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டாவது பெயர் அவளுடையது. பக்கத்தில் 'ஆடும் இடம்' என்ற பத்தியில் மற்ற எல்லோருக்கும் ஒரு எண் இருந்தது. அவளுக்கு நேராகக் காலியாக விட்டிருந்தார்.

"இதுக்கு நான் இன்னும் நம்பர் வெக்கல" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு. பிறகு நெற்றியைச் சொறிந்தார். "ஆமா, நீ ரெண்டு தடவ இடது பக்கம் போயி நின்ன. ரெண்டு தடவையும் எதிர் டீம்ல அந்தக் கனமான பொண்ணு உன்மேல மோதவே இல்ல. சுத்திப் போயிட்டா. அது ஏன்?"

ஏணி யோசித்தாள். அந்த இரண்டு தடவையையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அவள் கவனித்திருக்கவில்லை. "தெரியல சார்."

"எனக்கும் தெரியல" என்றார் சார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. படிவத்தைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு எழுந்தார். "குண்டூசி! பந்த எடுத்துட்டு வாம்மா. நான் தொரத்துறேன், நீ ஓடு."

"நீங்களா?" குண்டூசியின் கண் விரிந்தது. "இடிச்சா வலிக்கும் சார்."

"வலிக்கட்டும். எப்படி வலிக்குதுன்னு பாக்கணும்."

ஏணி இடது பக்கம் போய் நின்றாள்.